பதினாலாம் பக்கத்துக் கரண்டி

ஜெஸ்மா கடோருக்கு நன்றாகச் சமைக்கத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்தப் புத்தகம் வந்த பிறகு, அவள் பிறந்ததிலிருந்து அடுப்புப் பக்கமே போனதில்லை என்று கிரனடாத் தீவின் குயாவ் ஊரே சத்தியம் செய்தது. சத்தியம் செய்தவர்களில் பாதிப்பேர் அவள் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவியவர்கள்.

அவள் குழந்தைகளுக்குப் படப் புத்தகம் எழுதுகிறவள். அதற்கு முன் டீச்சராக இருந்தாள். அப்போதே அவளுக்கு ஒரு கோபம் உண்டு. வகுப்பில் இருந்த படப் புத்தகம் எல்லாம் பனிமனிதன், நரி, புகைபோக்கி. மீன் பெட்டியைத் தவிர வேறெங்கும் பனிக்கட்டியைப் பார்த்திராத கிரனடாப் பிள்ளைகள், கிறிஸ்துமஸ் படம் போடச் சொன்னால் கூரை மேல் வெள்ளையாகப் பனியை அப்பி வைத்தார்கள். இதில் நம்ம ஊர் எங்கே என்று கேட்டால் திருதிருவென்று முழித்தார்கள். அந்தக் கோபத்தில்தான் வேலையை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தாள். ஜாதிக்காயைப் பற்றி ஒன்று, மீன்பிடி படகைப் பற்றி ஒன்று, கார்னிவல் விடியலில் உடம்பெல்லாம் கறுப்பு எண்ணெய் பூசிக்கொண்டு சங்கிலியை இழுத்தபடி ஆடுகிற ஜாப் ஜாப் பேய்களைப் பற்றி ஒன்று என்று ஐந்து புத்தகம் சொந்தக் காசில் அச்சடித்தாள். தலைநகரத்துக் கடைக்காரன் அவற்றைச் சாவிக்கொத்து மாட்டும் பலகைக்குப் பின்னால் வைத்தான். ஊரில் எல்லோரும் பாராட்டினார்கள், ஒருவரும் வாங்கவில்லை. தெரிந்தவள் எழுதினால் சும்மாதான் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தீவின் எழுதாத சட்டம்.

அப்புறம்தான் லண்டனிலிருந்து பிலிப்பா வந்தாள். நேரில் அல்ல, கணினித் திரையில். பெரிய பதிப்பகம் ஒன்றின் பதிப்பாசிரியை. கரீபியன் பண்பாட்டைப் பற்றி, கரீபியன் ஆளே எழுதிய படப் புத்தகம் வேண்டும் என்று தேடி, ஜெஸ்மாவைக் கண்டுபிடித்தவள். நல்லவள்தான். அதுதான் தொல்லையே. கெட்டவளாக இருந்திருந்தால் ஜெஸ்மா சண்டை போட்டிருப்பாள்.

ஜெஸ்மா அனுப்பிய கதை ஆயில் டவுன் என்கிற சட்டிச் சாப்பாட்டைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமையா, சுதந்திர தினமா, கனடாவிலிருந்து யாராவது வந்திறங்கினார்களா, யாராவது செத்தார்களா, தெருவில் ஒரு கறுப்பு இரும்புச் சட்டி ஏறிவிடும். அடியில் உப்புப் போட்ட பன்றி வால், அதன் மேல் சீமைப்பலாத் துண்டுகள், மஞ்சள் கரைத்த தேங்காய்ப்பால், விரல் போல உருட்டிய மாவு, கடைசியில் எல்லாவற்றையும் போர்த்திச் சேம்பிலை. அடுக்குவதுதான் வேலை. அடுக்கி மூடிவிட்டால், பால் வற்றி அடியில் எண்ணெய் மட்டும் நிற்கும்வரை ஒருவரும் மூடியைத் தொடக்கூடாது. கரண்டியை விட்டால் பலா குழைந்து, மாவு கரைந்து, பன்றிக்கு ஊற்றும் கூழாகிவிடும். குயாவில் படகைத் திருடியவனைக்கூட ஒரு வருஷத்தில் மன்னித்திருக்கிறார்கள். சட்டியைக் கிண்டியவனை மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை.

அவள் எழுதிய கதையே அந்தக் காத்திருப்பைப் பற்றியதுதான். சட்டி வேகிறது. சுற்றி ஊர் உட்கார்ந்திருக்கிறது. ஒருவன் தப்பிப்போன மீனின் நீளத்தைக் கையால் காட்டுகிறான், கை அகலமாகிக்கொண்டே போகிறது. இரண்டு பெண்கள் பழைய சண்டையைப் புதுப்பிக்கிறார்கள். ஒரு சின்னப் பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பசியோடு இருக்கிறாள்.

பிலிப்பா திரையில் கன்னத்தில் கைவைத்தபடி சொன்னாள்: “ஜெஸ்மா, ரொம்ப அழகா இருக்கு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஒரே ஒரு சின்ன விஷயம். பதினாலாம் பக்கத்துல சட்டி மூடியிருக்கு.”

“ஆமா. வேகுது.”

“பதினஞ்சுலயும் மூடியிருக்கு. பதினாறுலயும்.”

“இன்னும் வேகலையே.”

“புரியுது. அந்தக் குட்டிப் பொண்ணு அப்ப என்ன செய்றா?”

“காத்துக்கிட்டு இருக்கா.”

பிலிப்பா ரொம்ப மென்மையாகச் சிரித்தாள். “காத்திருக்கறது பெரியவங்களுக்குச் சரி. குழந்தைங்க புத்தகத்துல கதாநாயகி ஏதாவது செய்யணும் இல்லையா? அவ அம்மா ஒரு பெரிய கரண்டியை எடுத்துக் கொடுத்து, ரெண்டு பேரும் சேர்ந்து கிண்டினா? படமும் நல்லா வரும்.”

ஜெஸ்மா முடியாது என்றுதான் சொன்னாள். முதல் முறை சொன்னாள், இரண்டாம் முறையும் சொன்னாள். ஆனால் அதற்குள் அவள் வேறு போர்களில் களைத்துப் போயிருந்தாள். படம் போட்டவன் தன் வாழ்நாளில் கரீபியன் தீவு எதையும் மிதித்ததில்லை. கதையில் வரும் வீட்டுக்கு ஓலைக்கூரை போட்டிருந்தான். அது தகரக் கூரையாக மாறுவதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அம்மாவின் தோளில் ஒரு கிளி இருந்தது. கிளியை விரட்டினால் குரங்கு வந்தது. குரங்கை விரட்டியதும், எல்லோர் காலிலிருந்தும் செருப்பைக் காணோம். செருப்பை மீட்டு வந்தவளுக்குக் கரண்டியோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை. ஐந்து புத்தகத்தை வாங்காத ஊர் ஆறாவதை மட்டும் வாங்கிவிடுமா, இங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு எழுதினாள்:

கிண்டு, கிண்டு, அலைபோல் கிண்டு,
கிண்டு, கிண்டு, கரையைக் கண்டு.

வெட்கக்கேடு என்னவென்றால், அது நன்றாக வந்தது. அவள் அதுவரை எழுதியதில் பிள்ளைகளின் வாயில் சட்டென்று ஒட்டிக்கொள்கிற வரி அதுதான்.

புத்தகம் வந்தது. லண்டனில் அதற்கு ஒரு பரிசு கிடைத்தது. பரிசுக் குழு ‘அசல் கரீபியன் அடுப்பங்கரையின் மணம்’ என்று எழுதியது. பரிசு கிடைத்த செய்தி தீவின் வானொலியில் வந்ததும் அரசாங்கத்துக்கு ஜெஸ்மா கடோர் என்று ஒருத்தி இருப்பது தெரிந்தது. ஐந்து புத்தகத்தோடு அவள் வாசலில் நின்றபோது தேநீர்கூடக் கொடுக்காத கல்வித்துறை, இப்போது தீவின் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அந்த ஆறாவது புத்தகத்தை வாங்கியது. தன்னுடையது தனக்கு லண்டன் வழியாக வந்தால்தான் அந்தத் துறைக்கு ருசிக்கும்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டியதே இல்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மா படித்துக் காட்டியது, அரசாங்க முத்திரை உள்ளது, பாட்டோடு வேறு வருகிறது. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? பெரியவர்கள் டொமினோ ஆடும் நேரமாகப் பார்த்து, மூடியைத் திறந்து, ‘கிண்டு, கிண்டு’ என்று அலைபோல் கிண்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தாலே ஏதோ ஒரு வீட்டிலிருந்து முதலில் பாட்டுக் கேட்கும், பிறகு அடி விழும் சத்தம் கேட்கும். அடி வாங்கிய பிள்ளை, “புத்தகத்துல போட்டிருக்கு” என்று அழும்.

மீனவர் இக்னேஷியஸ் ஒருநாள் ஜெஸ்மா வீட்டு வேலிக்கு வெளியே நின்று தொப்பியைக் கழற்றினார்.

“மிஸ் ஜெஸ், சௌக்கியமா? நான் சௌக்கியமா இல்ல. என் பேரன் நேத்து சட்டியைக் கிண்டிட்டான். என் சம்பந்தி ட்ரினிடாட்ல இருந்து வந்திருக்காரு. அவருக்கு முன்னாடி நான் ஆயில் டவுனைக் கரண்டியில மொண்டு ஊத்தினேன். இது என்ன கஞ்சியான்னு கேக்குறாரு. கேக்குறது யாரு? பக்கத்துத் தீவு ட்ரினிடாட்காரன்.”

“நான் பேசுறேன், மிஸ்டர் இக்னேஷியஸ். மாத்தச் சொல்றேன்.”

“மாத்துறது இருக்கட்டும். ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு நெஜமாவே தெரியாதா, இல்ல தெரிஞ்சே எழுதினீங்களா? ஊர்ல ரெண்டு கட்சியா இருக்கு.”

தெரியாது என்றால் மானம் போகும், தெரியும் என்றால் அதைவிட அதிகமாகப் போகும்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது கிளாரிஸ் விஷயத்தில் நடந்தது. கிளாரிஸ் பக்கத்து வீட்டுக்காரி, சின்ன வயதிலிருந்து கூட்டாளி. கிளாரிஸின் மகள் ஷானிஸுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் ஜெஸ்மாதான். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பெற்ற தாயும் ஞானத்தாயும் கூப்பிட்டுக்கொள்கிற முறைப்படி, ‘மக்கோமே’தான்.

அந்த ஷானிஸுக்குப் பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. ஆயில் டவுன் வேகும்போது அம்மா என்ன செய்கிறாள்? ஷானிஸ் எழுதினாள்: ‘மூடியைத் தொட்டால் கையில் அடிப்பாள்.’ டீச்சர் அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு மதிப்பெண் கிடையாது என்று போட்டார்.

கிளாரிஸ் வேலி தாண்டி வரவில்லை. தன் முற்றத்தில் நின்றபடியே பேசினாள்.

“என் பிள்ளை நம்ம வீட்டுல பாத்ததை எழுதுச்சு. தப்புன்னுட்டாங்க. உன் புத்தகத்தைப் பாத்து எழுதின பிள்ளைங்களுக்கு முழு மார்க்கு.”

“மக்கோமே, நான் டீச்சரைப் பாத்துப் பேசுறேன்.”

“வேண்டாம். என்னன்னு பேசுவ? என் ஞானப்பிள்ளை சொன்னதுதான் சரி, நான் சொன்னது பொய்னா? உன்னால அதைச் சொல்ல முடியுமா?” கிளாரிஸ் துவைத்த துணியை உதறினாள். “சுதந்திர தினத்துக்குச் சேம்பிலை போத்த வேற ஆள் பாத்துட்டோம், மிஸ் கடோர். நீங்க பெரிய எழுத்தாளர். உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்?”

‘மக்கோமே’ போய் ‘மிஸ் கடோர்’ வந்துவிட்டது. சுதந்திர தினத்தன்று தெருச் சட்டியில் ஆளுக்கொரு வேலை. ஒருத்தர் வால் போடுவார், ஒருத்தர் பலா வெட்டுவார். கடைசி இலை எப்போதும் ஜெஸ்மாவுடையது. இலையைப் போர்த்தி, மூடியை வைத்துவிட்டு, சட்டியைச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறவர்களில் ஒருத்தியாக இருப்பாள். இனி இல்லை. பரிசு வாங்கினபோது அழாதவள் அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

மறுநாளே பிலிப்பாவைத் திரையில் பிடித்தாள். “அந்தப் பக்கம் தப்பு, பிலிப்பா. யாரும் கிண்ட மாட்டாங்க. எடுத்துடுங்க.”

“அய்யோ, ஜெஸ்மா. உங்க உணர்வை நான் ரொம்ப மதிக்கிறேன். ஆனா எல்லாருக்கும் பிடிச்ச பக்கமே அதுதான். அட்டைப்படமும் அதுதான். ஒண்ணு செய்யலாமா? கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல ஒரு குறிப்பு போடலாம். ‘சில குடும்பங்களில் கிண்டும் வழக்கம் இல்லை’ன்னு.”

ஜெஸ்மா அந்தச் சில குடும்பங்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். தீவு தீர்ந்துபோயும் எண்ணிக்கை தீரவில்லை.

அடுத்து தலைநகருக்குப் பஸ் ஏறிப் போய்ப் பாடத்திட்ட அதிகாரி தியோஃபிலஸ் ரெட்ஹெட்டைப் பார்த்தாள். அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு பொறுமையாகக் கேட்டார்.

“மிஸ் கடோர், அந்தப் புத்தகம் பரிசு வாங்கினது. சரியா? பரிசு வாங்கினதாலதான் துறை வாங்கினது. இப்ப அது தப்புன்னா துறை தப்பு பண்ணிடுச்சுன்னு ஆகும். துறை தப்பு பண்றதில்ல. அப்ப தப்பு எங்க இருக்கு?”

“சார், நீங்களும் இந்த ஊர்க்காரர்தானே. உங்க வீட்டுல கிண்டுவாங்களா?”

“என் வீடு பாடத்திட்டத்துல இல்ல” என்றார் ரெட்ஹெட். அப்புறம் முகம் மலர்ந்தது. “நீங்க வந்தது நல்லதாப் போச்சு. லண்டன்ல இருந்து உங்க பதிப்பாசிரியை சுதந்திர தினத்துக்கு வர்றாங்க. உங்க ஊர்லயே, உங்க தெருவுலயே விழா. நீங்க உங்க கையால சட்டியைக் கிண்டணும், பிள்ளைங்க பாடணும், போட்டோ எடுக்கணும். பலா, வால், தேங்காய் எல்லாம் துறையோட செலவு.”

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் மணியை அடித்து அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

தெரு கொந்தளிக்கும் என்று பயந்துகொண்டே ஊர் திரும்பினாள். தெரு கொந்தளிக்கவில்லை. துறை வண்டியில் வந்திறங்கிய பன்றி வாலை கிளாரிஸ் முகர்ந்து பார்த்து, நல்ல சரக்குத்தான் என்றாள். இக்னேஷியஸ் தேங்காயை ஆட்டிப் பார்த்து உள்ளே எடுத்துப் போனார். எல்லோரும் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள், ஒருவரும் பேசவில்லை. குயாவ்காரர்கள் சண்டை போடாமல் இருந்தால் ஏதோ ஏற்பாடு நடக்கிறது என்று அர்த்தம். பதற்றத்தில் ஜெஸ்மாவுக்கு அது உறைக்கவில்லை.

சுதந்திர தினத்தன்று தெரு முழுக்கச் சிவப்பு, மஞ்சள், பச்சை. பந்தலின் கீழே கல்லடுப்பில் சட்டி. பிலிப்பா பெரிய வைக்கோல் தொப்பியோடு வந்து ஜெஸ்மாவைக் கட்டிக்கொண்டாள். திரையில் தெரிந்ததைவிட உயரம், திரையில் தெரிந்த அதே நல்லவள். அடுத்த புத்தகத்துக்கான ஒப்பந்தத்தைக் கைப்பையில் வைத்திருப்பதாகக் காதில் சொன்னாள். ரெட்ஹெட் படகுத் துடுப்பு அளவுக்கு ஒரு மரக்கரண்டி செய்து, அதில் கொடிக் கலரில் நாடா சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்.

ஜெஸ்மா மூடியைத் திறந்தாள். திறந்ததுமே தெரிந்துவிட்டது. மாவு அடியில் கிடந்தது, பலா தோலோடு கிடந்தது, வாலைக் காணவே காணோம். சேம்பிலையை யாரோ குப்பையைக் கொட்டுவது போலக் கொட்டியிருந்தார்கள். கிளாரிஸ் தூக்கத்தில்கூட இப்படி அடுக்க மாட்டாள். எப்படிப் போனாலும் போகட்டும் என்று நினைத்தவர்கள் அடுக்கிய சட்டி அது.

“கிண்டு, கிண்டு, அலைபோல் கிண்டு” என்று பிள்ளைகள் தொண்டை கிழியப் பாடினார்கள். கேமராக்கள் மின்னின. ஜெஸ்மா கிண்டினாள். தன் பாட்டுக்குத் தானே கிண்டினாள். வியர்வை வழிந்தது, சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். பிலிப்பாவும் வந்து துடுப்பில் ஒரு கை போட்டு, பதினாலாம் பக்கம் போலவே நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

தட்டில் ஊற்றினார்கள். பிலிப்பா ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடினாள். “நான் கற்பனை பண்ணின மாதிரியே இருக்கு.”

ரெட்ஹெட் இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய்க்கு முன்னால் கடிகாரத்தைப் பார்த்து, வண்டிகளை யாரோ வழியில் நிறுத்தியிருக்கிறார்களாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். கேமராக்காரனும் போனான். போலீஸ்காரன் போனான். பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு டீச்சர்களும் போனார்கள். கூட்டம் கலைவது தெரியாமல் கலைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் காற்று திரும்பியது. கிளாரிஸ் வீட்டுப் பின்புறத்திலிருந்து விறகுப் புகையும், மஞ்சளும் தேங்காய்ப்பாலும் வற்றுகிற வாசமும் வந்தன.

பின்னால் இன்னொரு சட்டி இருந்தது. முன்னால் இருந்தது அரசாங்கத்துக்கு, பின்னால் இருந்தது ஊருக்கு. தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். போலீஸ்காரனுக்குத் தெரியும், டீச்சர்களுக்குத் தெரியும். சொல்லாமல் விடப்பட்டவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி லண்டன்காரி. இன்னொருத்தி தான் என்பதை ஜெஸ்மா தட்டைக் கையில் வைத்தபடியே புரிந்துகொண்டாள். சொந்தத் தெருவில் அவளை வெள்ளைக்கார விருந்தாளியோடு சேர்த்து வாசலிலேயே உட்கார வைத்திருந்தார்கள்.

தட்டைக் கீழே வைத்தாள். “பிலிப்பா, கொஞ்சம் இருங்க” என்று சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள்.

அங்கே ஊரே இருந்தது. பேச்சு சட்டென்று நின்றது. கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டி மேல் ரெட்ஹெட் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு, மடியில் காலித் தட்டோடு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்து அவர் வெட்கப்படவில்லை.

“ஆபீஸ் வேற, வயிறு வேற, மிஸ் கடோர்.”

கிளாரிஸ் அடுப்பு விறகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். “என்ன வேணும்? உங்க சட்டி முன்னால இருக்கே.”

“ஒண்ணும் வேண்டாம்” என்றாள் ஜெஸ்மா. “உக்காந்துக்கிறேன்.”

யாரும் இடம் கொடுக்கவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. அவள் புது உடுப்போடு தரையிலேயே உட்கார்ந்தாள். இக்னேஷியஸ் பாதியில் விட்ட மீன் கதையைத் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தார், ஆனால் கதையில் உயிரில்லை. அவள் இருந்ததால்தான் உயிரில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்காக எழுந்து போகவும் மனமில்லை.

அப்போது வீட்டு மூலையில் வைக்கோல் தொப்பி தெரிந்தது. பிலிப்பா நாடா சுற்றிய துடுப்பைத் தோளில் சாத்திக்கொண்டு வந்தாள்.

“இங்க இன்னொண்ணு இருக்கா? எனக்குச் சொல்லவே இல்லையே” என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே நேராகச் சட்டிக்குப் போய், பக்கத்தில் கிடந்த துணியால் மூடியின் காதைப் பிடித்தாள்.

கிளாரிஸ் அசையவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கையில் தட்ட முடியாது. இக்னேஷியஸ் கண்ணை மூடிக்கொண்டார். ரெட்ஹெட் தட்டை இறுகப் பிடித்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் ஜெஸ்மாவைப் பார்த்தார்கள்.

“கையை எடுங்க, பிலிப்பா.”

அது டீச்சராக இருந்த காலத்துக் குரல். கத்தவில்லை. பிலிப்பாவின் கை தானாக விலகியது.

“ஆனா பதினாலாம் பக்கத்துல...”

“பதினாலாம் பக்கம் பொய். நீங்க கேட்டீங்க, நான் எழுதிக் கொடுத்தேன். எனக்குத் தெரிஞ்சேதான் எழுதினேன்.” கடைசி வாக்கியத்தை அவள் இக்னேஷியஸைப் பார்த்துச் சொன்னாள். “இதைக் கிண்டக் கூடாது. திறக்கக் கூடாது. வெந்து முடியற வரைக்கும் உக்காந்திருக்கணும். அவ்வளவுதான். உக்காருங்க.”

“மிஸ் கடோர், வெளிநாட்டு விருந்தாளிகிட்ட, துறையோட நிலைப்பாடு என்னன்னா...” என்று ரெட்ஹெட் ஆரம்பித்தார்.

“சாப்பாட்டுத் தட்டை மடியில வச்சுக்கிட்டு நிலைப்பாடு பேசாதீங்க, சார்” என்றாள் கிளாரிஸ்.

பிலிப்பா உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது. பாவமாகவும் இருந்தது. கொஞ்ச நேரம் சட்டியைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் சுற்றியிருந்த ஆட்களைப் பார்த்தாள். இக்னேஷியஸின் கை மீனின் நீளத்துக்கு மறுபடி விரியத் தொடங்கியிருந்தது. இரண்டு பெண்கள் எந்த வருஷத்துக் கடனையோ பற்றிச் சத்தம் போட்டார்கள். மெல்ல பிலிப்பாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. ஜெஸ்மாவுக்கு அந்த வெளிச்சத்தைத் தெரியும். திரையில் பார்த்திருக்கிறாள்.

“ஜெஸ்மா, இது பிரமாதம். இதுதான் அடுத்த புத்தகம். யாரும் தொடாத சட்டி. ஊரே காத்துக்கிட்டு இருக்கு, யாருமே தொடல.” கைப்பையைத் திறந்து ஒப்பந்தத்தை வெளியே எடுத்தாள். “கடைசில மட்டும் அந்தக் குட்டிப் பொண்ணு யாருக்கும் தெரியாம ஒரே ஒரு தடவை கிண்டிடறா. சின்னதா. என்ன சொல்றீங்க?”

ஜெஸ்மா காகிதத்தைப் பார்த்தாள். அவள் வீட்டுத் தகரக் கூரை மாற்ற வேண்டியிருந்தது. கட்டிலுக்கடியில் ஐந்து புத்தகத்தையும் கரையான் அரித்துக்கொண்டிருந்தது. லண்டன்காரி இன்னொரு தடவை திரையில் வருவாள் என்று நிச்சயம் இல்லை.

“வேண்டாம்” என்றாள்.

“ஒரே ஒரு தடவை...”

“ஒரு தடவைகூட வேண்டாம்.”

பிலிப்பா காகிதத்தை மெதுவாக மடித்து உள்ளே வைத்தாள். ரெட்ஹெட் பெருமூச்சு விட்டார். அது துறைக்காகவா வயிற்றுக்காகவா என்று தெரியவில்லை.

கிளாரிஸ் குனிந்து ஒரு விறகை வெளியே இழுத்துத் தணலைக் குறைத்தாள். “இந்த ஒரு வார்த்தையை அன்னைக்கே சொல்லியிருந்தா, இந்தத் தெருவுல எத்தனை சட்டி தப்பிச்சிருக்கும் தெரியுமா? என் பிள்ளை மார்க்கு தப்பிச்சிருக்கும். இந்தம்மா இவ்வளவு தூரம் வந்து கூழ் குடிக்காமத் தப்பிச்சிருப்பாங்க.”

“ஆமா” என்றாள் ஜெஸ்மா.

“ஆமாவாம், ஆமா. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்து அத்தனை பிள்ளைங்க முன்னாடியும் சொல்லணும். பாட்டைப் பாடிக் காட்டிட்டு, இது பொய்யின்னு உன் வாயாலயே சொல்லணும். சிரிப்பாங்க. நின்னு கேட்டுக்கணும்.”

“வர்றேன்.”

கிளாரிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். புது உடுப்பெல்லாம் மண்ணாகியிருந்தது. தான் உட்கார்ந்திருந்த பலகையில் ஒரு ஆள் இடத்துக்கு நகர்ந்து, அந்த இடத்தைக் கையால் தட்டினாள்.

“எந்திரிச்சு இங்க வா, மக்கோமே. இன்னும் பால் வத்தல.”